சரிப்பட்டு வராது என்று சோதித்தது யார்?

"நம்ம ஊருத் தண்ணிக்கும் நம்ம சாப்பாட்டுக்கும் அதெல்லாம் சரிப்பட்டு வராது."

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் பாத்திரம் கழுவும் மெஷினைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் பதில் இது. புதுமனை புகுவிழாவில் சொல்கிறார்கள். சமையலறைக்கு அலமாரி அடிக்கும் ஆசாரி சொல்கிறார். அதை விற்க வேண்டிய கடைக்காரரே குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். கூடவே காரணங்களும் அடுக்கடுக்காக வரும். வெள்ளைக்காரன் ரொட்டி தின்ற தட்டைக் கழுவுவதற்காகச் செய்த மெஷின் அது. உப்புத் தண்ணியில் ஆறு மாதம் தாங்காது. தண்ணீரும் கரண்டும் தண்டம். எப்படியும் ஒருமுறை அலசித்தான் உள்ளே வைக்க வேண்டும், அதற்கு நாமே கழுவிவிடலாம்.

இவ்வளவு உறுதியாகச் சொல்பவர்களில் ஒருவர்கூட எதையும் அளந்து பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அளக்கும் முறை உலகில் இருக்கிறது. பல ஆண்டுகளாகத் திருத்தித் திருத்திச் செம்மையாக்கிய முறை அது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் மேலே சொன்ன காரணங்களில் பெரும்பாலானவை நிற்கவே நிற்காது. உண்மையில் நிற்கக்கூடிய வேறு ஓரிரண்டு தடைகளைப் பற்றியோ நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. எல்லாரும் மெஷின் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வாங்க முடியாதவர்கள் நிறைய, தேவைப்படாதவர்களும் உண்டு. ஆனால் ஒரு பெண்ணின் ஆயுளில் பல ஆயிரம் மணி நேரத்தைத் தின்னும் வேலையைப் பற்றி, அதில் கையே பட்டறியாதவர்கள் வாய்ச்சொல்லாகத் தீர்ப்பு எழுதுவதை ஒப்புக்கொள்ள முடியாது.

ரொட்டித் தட்டிலிருந்தே தொடங்கலாம். ஐரோப்பாவில் டிஷ்வாஷரைச் சோதிப்பதற்கென்று ஒரு தர முறை இருக்கிறது. பிரிட்டனின் ‘விச்?’, ஜெர்மனியின் ‘ஷ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட்’ போன்ற நுகர்வோர் அமைப்புகள் மெஷின்களை ஒப்பிடுவதும் இதே வகைப் பரிசோதனைகளால்தான். அந்தத் தர முறைப்படி தட்டுகளிலும் கோப்பைகளிலும் பூசப்படும் அழுக்குகள் இவை: பால், தேநீர், கொத்துக்கறி, முட்டை, ஓட்ஸ் கஞ்சி, பசலைக்கீரை, செயற்கை வெண்ணெய். பூசியதும் கழுவிவிடுவதில்லை. பாலைக் கண்ணாடிக் குவளையின் அடியில் மைக்ரோவேவில் காய்ச்சி ஒட்டவைக்கிறார்கள். மற்றவற்றைச் சூட்டு அலமாரியில் 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவிடுகிறார்கள். கம்பங்கூழ்ச் சட்டியை ஊறப்போட மறந்துவிட்டு மறுநாள் காலையில் கையில் எடுத்தவருக்கு, இரண்டு மணி நேரம் சுட்டுக் காய்ந்த கஞ்சி எப்படி இருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் பாத்திரத்தில் ஒட்டுவது மட்டும் வேறு ஏதோ உலகத்துப் பொருளா? சோறு, கூழ், களி, தோசை மாவு எல்லாம் மாவுச்சத்து. பருப்பு, முட்டை, மீன், பால் ஏடு ஆகியவை புரதம். தாளித்த எண்ணெய், நெய், தேங்காய்ப்பால் கொழுப்பு. மெஷினுக்கான சோப்புத் தூளில் மாவுச்சத்தை அறுக்கும் நொதி ஒன்றும், புரதத்தை அறுக்கும் நொதி ஒன்றும் கலந்திருக்கின்றன. சூடும் காரமும் கொழுப்பைக் கரைக்கின்றன. மாவுச்சத்தை அறுக்கும் நொதிக்கு ஓட்ஸ் கஞ்சியும் கம்பங்கூழும் ஒன்றுதான். மஞ்சளின் நிறம் மட்டும் விதிவிலக்கு. பிளாஸ்டிக் டப்பாவில் ஏறிய மஞ்சளை மெஷின் முழுக்க எடுக்காது. தேங்காய் நாரும் எடுப்பதில்லை, வெயிலில் வைத்தால்தான் வெளுக்கும். எவர்சில்வரில் மஞ்சள் ஏறுவதே இல்லை.

"அலசித்தான் வைக்கணும்" என்பவர்களுக்கும் பதில் இதே சோதனையில் இருக்கிறது. காய்ந்து ஒட்டிய தட்டை யாரும் அங்கே முன்கூட்டி அலசுவதில்லை, அப்படியே உள்ளே போகிறது. வீட்டில் செய்ய வேண்டியது எச்சிலை, எலும்பை, கறிவேப்பிலையை வழித்துக் குப்பையில் போடுவது மட்டுமே. அதைக் கையால் கழுவும்போதும் செய்கிறோம். பல மெஷின்களில் முதல் நீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப நேரத்தையும் நீரையும் கூட்டிக் குறைக்கும் உணரி இருக்கிறது. நன்றாக அலசிவிட்டு வைத்தால் அழுக்கு குறைவென்று நினைத்து அது வேலையைச் சுருக்கிக்கொள்ளும். அப்போது எங்கோ மூலையில் ஒட்டியிருந்தது அப்படியே தங்கிவிடும். பிறகு அந்தப் பழியும் மெஷின் மேல் விழும்.

மதிப்பெண் போடும் விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "சோதனையெல்லாம் கம்பெனிக்காரன் செட்டப்" என்பவர்களும் நம்மிடையே உண்டு. சோதிக்கப்படும் மெஷினுக்குப் பக்கத்திலேயே ஒப்பீட்டுக்கென்று ஒரு மெஷின், அதே அழுக்கோடு அதே நாளில் ஓடுகிறது. அழுக்கு, சோப்பு, அறைச் சூடு என எது கொஞ்சம் மாறினாலும் இரண்டையும் சேர்த்தே பாதிப்பதால் ஒப்பீடு குலையாது. குறைந்தது ஐந்து முறை ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு தட்டையும், ஒவ்வொரு கரண்டியையும் தனித்தனியாக எடுத்து, ஒட்டியிருக்கும் புள்ளிகளை எண்ணி, 5 முதல் 0 வரை மதிப்பெண் தருகிறார்கள். உலர்வதற்கு 2 முதல் 0 வரை தனி மதிப்பெண். இரண்டு மெஷின்களின் சராசரிகளையும் வகுத்து வருவதுதான் குறியீடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 8 பேர் அளவும் அதற்கு மேலும் கொள்ளும் மெஷினுக்குக் கழுவும் குறியீடு 1.12-க்கு மேலும், உலர்த்தும் குறியீடு 1.06-க்கு மேலும் இருந்தாக வேண்டும். இல்லையேல் கடைக்கே வர முடியாது.

இங்கே கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 2021 மார்ச் 1 முதல் ஐரோப்பாவில் ஒட்டப்படும் பட்டையில் உள்ள ஏ முதல் ஜி வரையிலான எழுத்து மின்சாரச் செலவை மட்டுமே சொல்கிறது. அதுவும் ஈகோ என்ற ஒரே ஓட்டத்தின் செலவு. எந்த மெஷின் பாத்திரத்தை நன்றாகக் கழுவும் என்பதற்கும் அந்த எழுத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. எந்த எழுத்துப் பெற்ற மெஷினும் மேலே சொன்ன குறியீட்டு வாசலைத் தாண்டித்தான் வருகிறது. பட்டையைக் காட்டி "இதுதான் சார் நல்லா கழுவும்" என்று விற்பது, படிக்காமல் "சரிப்பட்டு வராது" என்பதைப் போலவே ஆதாரமில்லாத பேச்சு.

இனி தண்ணீர். ‘சரிப்பட்டு வராது’ கூட்டத்தின் மிகப் பெரிய ஆயுதம் இதுதான், மதித்துப் பதில் சொல்ல வேண்டிய ஆயுதமும் இதுதான். அரியலூர் சுண்ணாம்புக்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் கடலாக இருந்தது. கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையில் சிப்பிகள் அடுக்கடுக்காகப் புதைந்திருக்கின்றன. சிமெண்ட் ஆலைகள் வரிசையாக வந்து நிற்பது அந்தப் பாறைக்காகத்தான். அந்தக் கல்லின் ஊடாக இறங்கிய மழைநீர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போரில் ஏறி வருகிறது. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளை ஏடு படியும், டம்ளரைத் துடைக்காமல் விட்டால் திட்டுத்திட்டாக நிற்கும். மேற்கே வேப்பந்தட்டைப் பக்கம் பாறை மாறுகிறது, தண்ணீரின் குணமும் கிணற்றுக்குக் கிணறு மாறுகிறது. கொள்ளிடத்துக் குடிநீர் வரும் தெருவில் கதையே வேறு. ஒரே வீட்டில் ‘நல்ல தண்ணி’க் குழாய் ஒன்றும், ‘உப்புத் தண்ணி’க் குழாய் ஒன்றும் இருப்பது நமக்குச் சாதாரணம்.

ஆக, ‘நம்ம ஊருத் தண்ணி’ என்று ஒரே தண்ணீர் கிடையாது. இருப்பது பல தண்ணீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, ஒரு லிட்டரில் கடினத்தன்மை 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. ஐரோப்பியச் சோதனையில் பயன்படுத்தும் கடின நீர் சுமார் 250. அதாவது நம் நாட்டில் நல்லது என்று சொல்லப்படும் அளவைவிடக் கூடுதல் கடினமான நீரில்தான் அவர்கள் சோதிக்கிறார்கள். ‘அங்கெல்லாம் பன்னீர் மாதிரித் தண்ணி’ என்ற எண்ணம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இதைவிட முக்கியமானது, அந்த மெஷின்களின் வயிற்றுக்குள் இருக்கும் மென்னீராக்கி. ஒரு பிசின் படுகை கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. படுகை நிறைந்ததும், நாம் தனி அறையில் கொட்டிவைத்த உப்பின் கரைசலால் தன்னைத் தானே கழுவிப் புதுப்பித்துக்கொள்கிறது. நீரின் கடினத்தை நாமே அளந்து மெஷினில் பதிந்துவிட்டால், எத்தனை ஓட்டத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று அது தீர்மானிக்கும். இங்கே விற்கும் மெஷின்கள் பலவற்றின் கையேட்டில் அந்த அளவு ஜெர்மன் டிகிரியில் 50 வரை போகிறது. ஒரு டிகிரி ஏறக்குறைய 17.8 மில்லிகிராம், ஆகவே 50 டிகிரி என்பது 890 மில்லிகிராம். நம் குடிநீர்த் தரம் கடைசி எல்லையாக வைத்திருக்கும் 600 இதற்குள் அடங்கிவிடுகிறது.

உப்புத் தண்ணியில் மெஷின் கெட்டுப்போன வீடுகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கின்றன. அவற்றில் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கடினத்தன்மையை அளந்தார்களா? அளந்த எண்ணை மெஷினில் பதிந்தார்களா? உப்பு அறையில் உரிய உப்பைப் போட்டு வந்தார்களா? கடையில் கிடைத்த அயோடின் தூள் உப்பையோ, மண்ணும் கசடும் கலந்த கல்லுப்பையோ போட்டால் படுகை அடைத்துக்கொள்ளும். மெஷினை மாட்டிவிட்டுப் போனவர் இதைச் சொல்லாமல் போவதும் நடக்கிறது. எண்ணைத் தெரிந்துகொள்ள முடியாத நிலையிலும் நாம் இல்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் நீரைச் சோதித்துத் தருகிறார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்கே நீர் சோதிக்கும் பெட்டி கொடுத்துப் பயிற்சி தந்திருக்கிறார்கள், கடினத்தன்மையும் அதில் சோதிக்கும் இனங்களில் ஒன்று. தண்ணீர் சுத்திகரிப்பான் விற்பவர் கொண்டுவரும் டிடிஎஸ் மீட்டரைக் கொண்டு இதை முடிவு செய்யக் கூடாது. அது கரைந்த உப்புகள் அனைத்தையும் சேர்த்துக் காட்டும், சுண்ணாம்பு எவ்வளவு என்று தனியே சொல்லாது.

மென்னீராக்கி இல்லாத மெஷின்களும் சந்தையில் உண்டு. மேசைமேல் வைக்கும் சிறிய வகைகள் சில, அமெரிக்கச் சந்தைக்காகச் செய்தவை பல. மென்னீர் ஓடும் ஊரில் சோதித்தால் இவை நல்ல மதிப்பெண் வாங்கக்கூடும். அதே மெஷின் அரியலூர்ப் போர்த் தண்ணீரில் சில மாதங்களில் வெள்ளை பூத்து நிற்கும். ஆகவே அயல்நாட்டுப் பட்டியலில் முதலிடம் என்பதை அப்படியே இங்கே இறக்குமதி செய்யவும் முடியாது. தண்ணீர் மாறினால் வரிசையே மாறக்கூடும்.

யாரும் பேசாத உண்மையான தடை என்று மேலே சொன்னேனே, அது நீரின் அழுத்தம். ஐரோப்பியச் சோதனைக் கூடத்தில் நீர் ஏறக்குறைய 2.4 பார் அழுத்தத்தில் வருகிறது. பல மெஷின்கள் குறைந்தது அரை பார் கேட்கின்றன. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்பது கணக்கு. ஒரு மாடி வீட்டில் தளத்தின் மேல் நேராகக் கறுப்புத் தொட்டியை வைத்திருந்தால், கீழே சமையலறைக் குழாய்க்கு மூன்று மீட்டர் சொச்சம்தான் உயரம். அரை பார் வராது. மெஷின் நீர் நிரம்பக் காத்திருந்து பிழை காட்டி நின்றுவிடும், வீட்டார் "நம்ம ஊருக்கு ஆகாது" என்பார்கள். தொட்டிக்கு உயரமான மேடை, இல்லையேல் ஒரு சிறிய பிரஷர் பம்பு போதும். ஒரு பிளம்பர் அரை நாளில் தீர்க்கக்கூடிய இந்தக் குறை, ஒரு ஊரின் தலையெழுத்தாகப் பேசப்படுகிறது.

தண்ணீர்ச் செலவுக்கு வருவோம். பன்னிரண்டு பேர் அளவு மெஷினின் ஈகோ ஓட்டம் சுமார் பத்து லிட்டரில் முடிகிறது. எதிர்ப்பக்கத்துக் கணக்கை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் ரைனர் ஷ்டாமிங்கர் குழுவினர் 2004-இல் வெளியிட்டார்கள். ஐரோப்பாவின் ஏழு இடங்களைச் சேர்ந்த 113 பேரைப் பன்னிரண்டு பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கையால் கழுவச் சொன்னார்கள். சராசரியாக 103 லிட்டர் தண்ணீர், 2.5 யூனிட் சக்தி, 79 நிமிடம் ஆனது. மெஷின் விளம்பரங்கள் இந்த 103-ஐ மட்டும் பிடித்துக்கொண்டன. அதை அப்படியே நம் பெண்கள் மேல் சுமத்துவதை நான் ஏற்கமாட்டேன். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுபவர்களின் கணக்கு அது. குழாயடியில் குடம் பிடித்து, ஒரு அன்னக்கூடையில் தேய்த்து மறு அன்னக்கூடையில் அலசும் பெண்ணின் கணக்கு அதில் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, மெஷின் தயாரிக்கும் வேர்ல்பூல் நிறுவனத்தின் நிதியுதவியில் நடந்தது. அப்படியிருந்தும், இரண்டு தொட்டி வைத்து முறையாகக் கழுவினால் வெளியேறும் பசுங்குடில் வாயு மெஷினைவிடக் குறைவு என்று அதுவே ஒப்புக்கொண்டது. குழாயை ஓடவிட்டுக் கழுவுவதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்றும் சொன்னது.

ஆனால் இன்றைய பெரம்பலூர் நகரத்து வீட்டில் எத்தனை பேர் இரண்டு அன்னக்கூடை வைத்துக் கழுவுகிறார்கள்? சிங்க் வந்துவிட்டது, மேல்தொட்டி வந்துவிட்டது, குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் வரும் குழாயை இரண்டு நிமிடம் திறந்துவிட்டாலே மெஷினின் பத்து லிட்டர் தாண்டிவிடும். தண்ணீர் தண்டம் என்று மெஷினைக் குறை சொல்பவர், தம் வீட்டுக் குழாய்க்குக் கீழே ஒரு வாளியை வைத்து அளந்துவிட்டு வரட்டும்.

கரண்டும் அப்படித்தான். ஈகோ ஓட்டம் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகவே எடுக்கும். தினம் ஒன்று ஓட்டினாலும் இரண்டு மாத மின்கணக்கில் ஐம்பது யூனிட்டை ஒட்டி வரும். 70 டிகிரிச் சூட்டில் ஓட்டினால் கூடும். ஆனால் சோதனைக் கூடத்து நீர் 15 டிகிரியில் உள்ளே வருகிறது. நம் மொட்டைமாடித் தொட்டியில் சித்திரையில் அது முப்பதைத் தாண்டி நிற்கிறது. ஒரு லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்ற அங்கே 45 டிகிரி சூடேற்ற வேண்டும், இங்கே முப்பது கூட வேண்டாம். பட்டையில் அச்சிட்ட எண்ணைவிட நம் வெயில் காலத்துச் செலவு குறையவே வாய்ப்பு அதிகம். "மூன்று மணி நேரம் ஓடுதே" என்பதும் குறையல்ல. ஹெர்பர்ட் ஸின்னர் என்ற ஜெர்மானியர் 1959-இல் தெளிவுபடுத்திய கணக்குப்படி, வேதிப்பொருள், தேய்ப்பு, சூடு, நேரம் ஆகிய நான்கில் ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்ட வேண்டும். ஈகோ ஓட்டம் சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுகிறது. அந்த மூன்று மணி நேரமும் மெஷினுடையது. வீட்டுப் பெண்ணின் நேரத்தில் அதற்கு வேண்டியது அடுக்கவும் எடுக்கவும் சில நிமிடங்கள்.

பாத்திரங்களில் விட்டுக்கொடுக்க வேண்டியவை உண்மையாகவே இருக்கின்றன. அலுமினியம் காரத்தில் கறுக்கும். இரும்புக் கல்லும் கடாயும் துருப்பிடிக்கும். பித்தளை மங்கும். மண்சட்டியையும் மர அகப்பையையும் உள்ளே வைக்கக் கூடாது. மிக்ஸி ஜாரின் அடிப்பாகம் ஊறக் கூடாது. இவற்றைத் தனியே கழுவத்தான் வேண்டும். அன்றாடம் கழுவும் குவியலில் இவை எத்தனை, எவர்சில்வர் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் குறையின் அளவு புரியும். தட்டு, டம்ளர், டவரா, கிண்ணம், கரண்டி, குண்டான், பால் பாத்திரம் எல்லாம் எவர்சில்வர்தான்.

‘நம் சமையலுக்கு ஒத்துவராது’ என்ற இதே வாக்கியத்தைத் தமிழ்நாடு முன்பும் கேட்டிருக்கிறது. ஆட்டுக்கல்லில் ஆட்டிய மாவின் பதம் எந்த மெஷினிலும் வராது என்றார்கள். 1950-களில் கோவையில் சபாபதி என்பவர் வெட் கிரைண்டரைச் செய்தார். கல்லையும் குழவியையும் விட்டுவிடாமல், சுற்றும் வேலையை மட்டும் மோட்டாருக்கு மாற்றினார். நம் அரிசிக்கும் உளுந்துக்கும் அளந்து, ஆட்டிப் பார்த்து, திருத்திச் செய்ததால் அது நின்றது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மிக்ஸியையும் கிரைண்டரையும் மின்விசிறியையும் விலையில்லாமல் வழங்கத் தொடங்கியபோது, ஆட்டுக்கல் பதத்துக்காகப் பெண்கள் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மணிக்கட்டு வலி என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

யாருடைய வலி என்பதுதான் இந்த வழக்கின் நடுவே இருக்கிறது. 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்களுக்கு 97 நிமிடம். கணக்கெடுத்த நாளில் அந்த வேலையைத் தொட்டவர்கள் பெண்களில் 81.2 விழுக்காட்டினர், ஆண்களில் 26.1 விழுக்காட்டினர் மட்டுமே. மக்காச்சோளக் காட்டிலும் சின்ன வெங்காயக் காட்டிலும் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்து, ராத்திரி பத்துப் பாத்திரத்தையும் தேய்க்க உட்காரும் பெண்ணிடம் போய் இது சரிப்பட்டு வராது என்று சொல்ல, கை ஈரமாகாதவருக்கு உரிமையில்லை. சோப்பு நுரைக்காத நீரில் பொடியை அள்ளி அள்ளிப் போட்டுத் தேய்த்து விரல் வெடித்த கைகளை எங்கள் ஊர்களில் தேடிப் போக வேண்டியதில்லை. கடின நீர் மெஷினைக் கெடுக்கும் என்று கவலைப்படுபவர்கள், அது அந்தக் கைகளை என்ன செய்கிறது என்று கேட்டதே இல்லை.

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் பிழைப்புப் போய்விடும் என்று ஒரு வாதம் உண்டு. கரிசனம் உண்மையென்றால் அது கூலி உயர்விலும் வார விடுமுறையிலும் தெரிய வேண்டும். அடிப்பிடித்த குக்கரைத் தேய்க்கும் நேரத்துக்கே கூலி என்று ஒருவரைக் கட்டிவைப்பதைப் பிழைப்பு என்று சொல்லி நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. இந்த இரண்டு மாவட்டங்களிலும் பெரும்பாலான வீடுகளில் கழுவுவது மனைவியோ மகளோ மருமகளோதான் என்பதையும் மறக்கக் கூடாது.

நம் சமையலறைக்கென்று ஒரு ஒப்பீட்டுச் சோதனை வேண்டும். ஐரோப்பியர்களே தங்கள் முறையை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். தட்டு, கோப்பை, கரண்டி போன்றவற்றை மட்டும் வைத்துச் சோதித்தவர்கள், 2020-இல் வந்த திருத்தத்தில் சமையல் பாத்திரத்தையும் பிளாஸ்டிக்கையும் பெரிய குவளையையும் சேர்த்தார்கள். அங்கே சமைக்கும் விதம் மாறியது, சோதனையும் மாறியது. அகமதாபாத்தில் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் 1978 முதல் இயங்குகிறது, பொருள்களை ஆய்வகத்தில் ஒப்பிட்டுச் சோதித்து வெளியிடும் மரபு அதற்கு உண்டு. நாட்டுக்குப் புதிய வேலை இல்லை இது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, அவற்றில் இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களும் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது இது. நான்கு பேர் உள்ள வீட்டின் ஒரு நாள் பாத்திரத்தை அடிப்படைச் சுமையாகக் கொள்ள வேண்டும். ‘பன்னிரண்டு பேர் அளவு’ என்ற அயல்நாட்டுக் கணக்கு நம் குண்டானுக்கும் இட்லித் தட்டுக்கும் எதையும் சொல்வதில்லை. அழுக்காகக் கம்பங்கூழ், தயிர்சாதம், புளிக்குழம்பு, முட்டைப் பொரியல், பால் ஏடு, கீரைக் கடையல். பூசிவிட்டு இரவு முழுக்கக் காயவிட வேண்டும். மூன்று தண்ணீரில் ஓட்ட வேண்டும்: கொள்ளிடத்துக் குழாய்நீர், அரியலூர்ச் சுண்ணாம்புப் பகுதிப் போர்நீர், பெரம்பலூர் மேற்குப் பாறைப் பகுதிப் போர்நீர். மென்னீராக்கி உள்ளதும் இல்லாததும் இரண்டும் களத்தில் இருக்க வேண்டும். மேல்தொட்டி அழுத்தத்திலும் பம்பு அழுத்தத்திலும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஐந்து ஓட்டத்தோடு நிறுத்தாமல், ஓராண்டு வீட்டுப் பயன்பாட்டுக்குச் சமமாக ஓட்டி, உள்ளே சூடேற்றும் பாகத்தில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கையால் கழுவும் தரப்பும் இதில் ஒரு போட்டியாளராக நிற்க வேண்டும். இந்த ஊர்களின் பெண்கள் தங்கள் வழக்கப்படி, தங்கள் நாரும் பொடியும் கொண்டு, அதே அழுக்கைக் கழுவட்டும். அதற்கு அவர்களுக்குக் கூலி தரப்பட வேண்டும். நீரை அளக்க வேண்டும், நேரத்தை அளக்க வேண்டும், தோல் வறட்சியையும் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தத் தட்டு கையால் கழுவியது, எது மெஷினில் வந்தது என்று மதிப்பெண் போடுபவருக்குத் தெரியக் கூடாது. வெளியாகும் அட்டவணையில் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் அந்த நீரின் கடினத்தன்மை எத்தனை மில்லிகிராம் என்று அச்சாக வேண்டும். அந்தப் பத்தி இல்லாமல் வரும் எந்தத் தரவரிசையாலும், ஆண்டிமடத்திலோ குன்னத்திலோ தன் போர்நீரின் எண்ணைக் கையில் வைத்திருப்பவர் எதையும் முடிவு செய்ய முடியாது.